நாணயத்தின் மதிப்பும் உணவுக்கடையின் நாணயமும்

கழுகுமலைக்குத் திருப்பயணம் சென்று திரும்பும் நம் குடும்பத்தார், பாறையில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், பாகுபலியையும், பத்மாவதி, அம்பிகை ஆகிய இயக்கியரையும், அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ள குரவர், குரத்தியர் பெயர்களையும் பற்றி மனம் நிறையப் பேசுவர். அவை குறித்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர்; நானும் என் சிற்றறிவுக்கு எட்டியவாறு முன்பு எழுதியதுண்டு. இம்முறை மலையிலிருந்து சற்றே கீழிறங்கி, அடிவாரத்துக் கடைத்தெருவில் நின்று ஒரு பொருளைப் பேச விரும்புகிறேன். பணத்தின் மதிப்பு குறையும்போது ஓர் உணவுக்கடையில் என்ன நிகழ்கிறது என்பதே அது. விழா மலருக்கு ஒவ்வாத பொருள் என்று முதற்பார்வைக்குத் தோன்றலாம். ஆயினும் நம்மவருள் பலர் கடை வைத்திருப்போர்; எஞ்சியோர் கடையில் வாங்குவோர். ஆதலின் பொறுத்துப் படிப்பர் என நம்புகிறேன்.

பணியின் பொருட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து கோவில்பட்டி வட்டாரத்துக்கு மாற்றலாகி, ஏறத்தாழ ஆறாண்டுகள் அக்கரிசல் மண்ணில் தமிழாசிரியனாக இருந்தேன். குடும்பம் ஊரில் இருந்தது. கழுகுமலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, அடிவாரத்தில் இருந்த ஒரு சிறு ஓட்டலில் இருவேளையும் உண்டேன். கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை என்று முதல்நாளே தயங்கித் தயங்கிச் சொன்னேன். கடைக்காரர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மற்றவர்க்கு ஏழு மணிக்கு இட்டலி வேகும் கடையில் எனக்காக மட்டும் ஐந்தரை மணிக்கு ஓர் ஈடு வேகும். ஊரார் அவரை அண்ணாச்சி என்பர். நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என்னைச் சார் என்பார்.

1991ஆம் ஆண்டு ஜூலை 1, 3 ஆகிய இருநாள்களில் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் வளைகுடாப் போர்ச் சூழலால் எண்ணெய் விலை ஏறி, நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்னும் நிலை ஏற்பட்டிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஏறத்தாழ 47 டன் பொன் இங்கிலாந்து வங்கியில் அடகு வைக்கப்பட்டது. 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது. பள்ளியில் ஆசிரியர் அறையில் இதே பேச்சு. மாலையில் நான் ஓட்டலில் இச்செய்தியைச் சொன்னபோது அண்ணாச்சி, "டாலருக்கும் நம்ம கடைக்கும் என்ன சார் சம்பந்தம்? அரிசி நெல்லைச் சீமையில இருந்து வருது. விறகு இந்தக் காட்டுக் கருவேலம். உளுந்து பக்கத்து ஊரு" என்றார். அப்போது அவர் கூற்றில் பிழை காண எனக்கும் தெரியவில்லை.

பிழை எங்கே இருந்தது என்பதை அடுத்த மூன்று திங்களில் அவரே ஒவ்வொன்றாகக் கண்டு என்னிடம் சொன்னார். அக்கதைக்குத் திரும்பி வருவேன். அதற்கு முன், பணத்தின் மதிப்பு நிலைத்து நிற்காது என்பதை நம் முன்னோர் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தனர் என்பதைச் சொல்ல வேண்டும்.

பழனிக்கு மேற்கே ஐவர்மலை உள்ளது. அங்கே பாண்டியன் இரண்டாம் வரகுணன் காலத்துக் கல்வெட்டொன்று சக ஆண்டு 792 என்று காலம் குறிக்கிறது, கி.பி. 870 ஆகும். குணவீரக்குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக்குரவர் அங்கிருந்த பார்சுவ பட்டாரகர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, நாள்தோறும் முட்டாத அவிக்கும், அடிகள் ஒருவர்க்குச் சோற்றுக்கும் என்று ஐந்நூற்றைந்து காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. ஒரு துறவிக்குச் சோறு, அது என்றென்றைக்கும் தடையின்றி நடக்க வேண்டும், அதற்கு இவ்வளவு பொன். காணம் என்பது பொன்னின் நிறையைக் கொண்டு எண்ணப்பட்ட அலகு. அரசனின் முத்திரையை நம்பாமல் பொன்னின் எடையை நம்பிய கணக்கு அது. கழுகுமலைச் சிற்பங்களும் அதற்குச் சற்று முன்பின்னான நூற்றாண்டுகளில் எழுந்தவையே; அம்மலையில் பெயர் பொறித்தோரும் இதே கணக்கில் வாழ்ந்தோரே ஆவர்.

கோயில்களில் நந்தா விளக்குக்கு ஆடுகளை ஒப்படைத்த அறக்கட்டளைகள் தமிழகமெங்கும் உண்டு. அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று மாணவர் கேட்பர். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளரும், எண்ணிக்கை குறையாது, பெற்றுக்கொண்டவன் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். காசாகக் கொடுத்திருந்தால், அக்காசின் மாற்றுக் குறைந்த நாளில் உழக்கு நெய் ஆழாக்காகியிருக்கும். ஆட்டுக்கு மாற்றுக் குறைவதில்லை.

காசு தேய்வதும், மட்டமான உலோகம் கலப்பதும், புதுக்காசு பழங்காசை விட இழிவதும் அக்காலத்திலும் இருந்தமையால்தான் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்றும் 'பழங்காசு' என்றும் பிரித்துக் கூறினர். சங்க காலத்திலேயே பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்போர்க்கு வண்ணக்கர் என்று தனிப்பெயர் இருந்தது. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்னும் புலவரை நினைவுகூர்க. காசுக்குக் காசு மாற்றும்போது கழிக்கப்படும் தொகைக்கு 'வட்டம்' என்றும் 'வாசி' என்றும் சொற்கள் வழங்கின. ஒரு மொழியில் இத்தனை சொற்கள் இருப்பின், அத்தனை முறை மக்கள் ஏமாந்தனர் என்று கொள்ளலாம்.

இனிக் கரிசல் நிலத்துக்கு வருவோம். நாணய மதிப்பு என்னும் பெரும்பேச்சு இவ்வட்டாரத்துக்குள் புகுந்த முதல் வாயில் பருத்தி ஆகும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து பருத்தி வருவது நின்றது. கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர்ப் பக்கத்துப் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்று கப்பலேறியது. அதற்கு ஈடாக வெள்ளி ரூபாய் வந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியே தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட 1876ஆம் ஆண்டிலேயே தாதுவருடப் பெரும்பஞ்சமும் தொடங்கிற்று. பஞ்சத்தில் உழவர் பெண்டிரின் வெள்ளித் தண்டையும் காப்பும் கடைக்குச் சென்றன.

அதே காலத்தில் உலகச் சந்தையில் வெள்ளியின் மதிப்பே வீழ்ந்துகொண்டிருந்தது. ஜெர்மனி பொன் நாணயத்துக்கு மாறியதும், அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி மிகுதியாக வந்ததும் காரணங்கள். 1870களின் தொடக்கத்தில் இரண்டு ஷில்லிங் அளவில் இருந்த நம் ரூபாய், 1894-95இல் ஒரு ஷில்லிங் ஒரு பென்னி அளவுக்கு இறங்கியது. கழுகுமலையில் சோறு விற்றவளுக்கு இது தெரிந்திருக்காது. உள்ளூரில் ரூபாய் ரூபாயாகவே இருந்தது. தெரிந்து துடித்தவர்கள் இலண்டனுக்குப் பணம் அனுப்பிய ஆங்கில அலுவலர்கள். அவர்களுக்கு மட்டும் 1893இல் மாற்று ஈட்டுப்படி என்று தனித்தொகை வழங்கப்பட்டது. வேறெவர்க்கும் கிட்டாத சலுகை! அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமை நீக்கப்பட்டு, நாணயச் சாலைகள் அவர்களுக்கு மூடப்பட்டன. அதன்பின் ரூபாய் மெல்ல நிமிர்ந்தது. 15 ரூபாய் ஒரு பவுன் என்று நிலைத்தது. ஆனால் உழத்தியின் காலிலிருந்த வெள்ளி நிமிரவில்லை. அதுவரை எடைக்கு எடை ரூபாயாக இருந்த நகை, அன்றுமுதல் வெறும் உலோகமாயிற்று. நாணயத்தைக் காப்பாற்றச் செய்த ஏற்பாட்டில் எளியோரின் சேமிப்பு தேய்ந்தது என்பதை அக்காலத்திலேயே எடுத்துரைத்தோர் உண்டு.

விடுதலைக்குப் பின் 1949 செப்டம்பரில் பவுனோடு சேர்ந்து ரூபாயும் இறக்கப்பட்டது. 3 ரூபாய் 31 காசு மதிப்பிலிருந்த டாலர் 4 ரூபாய் 76 காசு மதிப்பாயிற்று. பாகிஸ்தான் தன் நாணயத்தை இறக்க மறுத்துவிட்டது. அங்கிருந்து வரவேண்டிய பருத்திக்கு நம் ஆலைகள் கூடுதல் விலை தரவேண்டிய நிலையும், வணிக முடக்கமும் ஏற்பட்டன. சிந்துவின் பருத்தி அரிதானபோது நாட்டுப் பருத்திக்கு மதிப்புக் கூடியது; கருங்கண்ணி விளையும் நம் கரிசலும் அதில் சேர்த்தி. இவ்வாறு மதிப்பிறக்கம் ஒருவர்க்கு இழப்பும் மற்றொருவர்க்கு ஆதாயமுமாக வரும். இதை மறந்து அதனை முற்றிலும் கேடென்றோ முற்றிலும் மருந்தென்றோ பேசுவது சரியன்று.

பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாளையே. இந்திரா காந்தி தலைமை அமைச்சராகி ஐந்து திங்கள்கூட ஆகவில்லை. நிதியமைச்சர் சச்சின் சௌத்ரி. டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து ஒரே இரவில் 7 ரூபாய் 50 காசாயிற்று. ரூபாயின் மதிப்பு 36.5 விழுக்காடு இறங்கியது என்பதும், டாலர் வாங்குவோர்க்கு அதன் விலை 57.5 விழுக்காடு ஏறியது என்பதும் ஒரே செய்தியின் இரு முகங்கள். செய்தித்தாள்கள் தத்தம் நோக்கத்துக்கு ஏற்ப ஒன்றைத் தேர்ந்துகொண்டன. கோவில்பட்டிக்கு வடக்கே விருதுநகரில் பிறந்த காமராசர் அப்போது காங்கிரசுத் தலைவர். தம்மைக் கலக்காமல் எடுத்த இம்முடிவை அவர் ஏற்கவில்லை என்பது வரலாறு.

அக்காலத்து ஓட்டல்காரர்கள் விலையேற்றத்துக்கெல்லாம் இம்மதிப்பிறக்கத்தையே பழித்தனர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாதியே உண்மை. 1965-66, 1966-67 ஆகிய இரண்டாண்டுகளும் நாடு கடும் வறட்சியில் கிடந்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்நோக்கி நாடு வாழ்ந்த காலம் அது. மொத்த விலைகள் ஓராண்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறியதற்கு முதற்காரணம் மழை பொய்த்தது. இரண்டாம் காரணமே நாணயம். ஆனால் மழையைத் திட்டுவதால் பயனில்லை, நிதியமைச்சரைத் திட்டலாம்.

அவ்வேளையில் தமிழக அரசியலில் எழுந்த முழக்கத்தை நம் வயதினர் அறிவர். ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது அது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அதனைச் சென்னை, கோவை நகரங்களில் தொடங்கினார். பொருட்சுமையால் நெடுநாள் தொடர இயலவில்லை. முழக்கத்தின் அரசியல் இங்கு நமக்கு வேண்டா. அதன் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். படிக்கு எத்தனை ரூபாய் என்று அதில் கேட்கவில்லை. ரூபாய்க்கு எத்தனை படி என்று கேட்டனர். நம் பழைய சந்தை மொழி அதுவே. காசு நிலையானது, அளவு மாறுவது என்று கொண்ட மொழி. விலை ஏறிற்று என்பதற்குப் பதில் படி குறைந்தது என்பர். மெட்ரிக் அளவைகள் வந்து கிலோ நிலைத்தபின், அளவு நிலையானது, காசு மாறுவது என்று பேச்சு திரும்பியது. இந்தத் திருப்பம் எல்லாக் கடைகளிலும் நிகழ்ந்தது. உணவுக்கடையில் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. இட்டலிக்கு எடையில்லை. சாம்பாரின் பருப்புக்கு அளவில்லை. பொட்டலத்தில் அடைத்த பண்டத்தின் மேல் நிகர எடை அச்சிட வேண்டும் என்று சட்டம் உண்டு. இலையில் விழும் பண்டத்துக்கு அத்தகைய சட்டம் இல்லை.

இப்போது அண்ணாச்சியிடம் திரும்புவோம். 1991 ஜூலை 24ஆம் நாள் வரவுசெலவுத் திட்டத்தில் பெட்ரோல், சமையல் எரிவாயு, உரம், சர்க்கரை ஆகியவற்றின் விலை உயர்த்தப்பட்டது. ஆகஸ்டில் மொத்தவிலைப் பணவீக்கம் 16 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அண்ணாச்சியின் அடுப்பு கருவேல விறகில் எரிந்தமையால் எரிவாயு அவரைத் தொடவில்லை. ஆனால் சர்க்கரை தொட்டது. கடலை எண்ணெய் தொட்டது. சுமைக்கூலி, பாத்திரம், ஈயம் பூசுகிறவன் கூலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. "சார், நீங்க சொன்ன டாலரு சந்தைக்கு வந்துட்டு" என்று ஒருநாள் மாலை எனக்கு இட்டலி வைத்துக்கொண்டே சொன்னார்.

அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. விலையை ஏற்றுவது ஒன்று. அளவைக் குறைப்பது மற்றொன்று. அதே தெருவில் இருந்த இன்னொரு கடையில் இட்டலித் தட்டையே மாற்றிவிட்டார்கள். குழி சிறிய தட்டு. விலை 50 காசாகவே நின்றது. அண்ணாச்சி பழைய தட்டையே வைத்துக்கொண்டு, பலகையில் 50ஐ அழித்து 60 என்று எழுதினார். சந்தை நாளில் வந்த கூட்டம் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குச் சென்றதை நானே கண்டேன். தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் பெண்கள் காலையில் வாங்கிச் செல்வது ஏறத்தாழ நின்றே போயிற்று. அவர்கள் கூலியில் பத்துக் காசு பெரிது. குழியின் ஆழத்தை அளந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "விலையை ஏத்துனா ஒரு மாசம் ஏசுவாக சார். இட்லியைச் சின்னதாக்குனா ஏசவே மாட்டாக. அதுதான் எனக்குப் பிடிக்கலை" என்றார்.

நம் நூல்களில் கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் சொல்லப்பட்டுள்ளன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலிலும், இரத்தினகரண்டகத்தை அடியொற்றிய நம் அருங்கலச்செப்பிலும் அவற்றைக் காணலாம். அளவையிலும் நிறையிலும் குறைத்தும் மிகுத்தும் வழங்குதல் அவற்றுள் ஒன்று; போலிப் பண்டத்தைக் கலந்து விற்றல் மற்றொன்று. சிறுவயதில் இவற்றை மனப்பாடம் செய்தபோது, கள்ளத் தராசு வைத்திருக்கும் கொடிய வணிகன் ஒருவனை நான் கற்பனை செய்துகொண்டேன். வாங்கும் பண்டமெல்லாம் விலையேற, பழைய விலைக்கே விற்க வேண்டிய நெருக்கடியில் நிற்கும் நல்லவன் ஒருவனைக் கற்பனை செய்யவில்லை. அதிசாரம் பெரும்பாலும் அத்தகையவனையே வந்து சேர்கிறது என்பதைக் கழுகுமலையில் கற்றேன். அண்ணாச்சி அந்நூல்களைக் கேள்வியுற்றவர் அல்லர்.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் எழுதவில்லை. அதற்கும் ஒரு கதை உண்டு. அது காப்பியின் கதை. நெடுங்காலம் நம் நாட்டுக் காப்பி முழுவதும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குச் சென்று, அங்கிருந்து ஒரு பகுதி ஏற்றுமதிக்கும் ஒரு பகுதி உள்நாட்டுக்கும் விற்கப்பட்டது. அதனால் வெளிநாட்டு விலையின் ஏற்றம் நம் தம்ளருக்கு நேரே வந்து சேரவில்லை. 1991க்குப் பின் வந்த சீர்திருத்தங்களில் இத்தொகுப்பு முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுதும் நீங்கிற்று. தோட்டக்காரர் தம் விளைவை விரும்பிய இடத்தில் விற்கலாம் என்றாயிற்று. அது அவர்களுக்கு நியாயம். ஆனால் 1994இல் பிரேசில் நாட்டில் கடும்பனி விழுந்து காப்பிச் செடிகள் கருகியபோது உலக விலை இருமடங்கு தாண்டியது. டாலரும் முன்போல் 21 ரூபாய் அன்று, 31 ரூபாய். எங்கோ விழுந்த பனி கழுகுமலைக் காப்பியில் கசந்தது.

ஒரு மாலை காப்பியில் மணம் குறைந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. கேட்கலாமா என்று எண்ணுமுன் அவரே அருகில் வந்து, "சிக்கரி கொஞ்சம் கூட்டியிருக்கேன் சார்" என்றார். சட்டம் இதற்கு இடந்தருகிறது. நூற்றுக்கு 49 பங்கு வரை சிக்கரி கலந்து, அதனை உறையில் குறித்து விற்கலாம். ஆனால் அது பொட்டலத்துக்கு. தம்ளருக்கு எந்த உறை? இட்டலி விலையை ஏற்றியபோது இழந்த வாடிக்கையை அவர் அப்போதுதான் மெல்ல மீட்டிருந்தார். மறுபடியும் பலகையை அழிக்க அவருக்கு நெஞ்சுரம் போதவில்லை. என்னிடம் சொன்னார், மற்றவர்க்குச் சொல்லவில்லை. அதனை அதிசாரம் என்பதா, ஒருவரிடமாவது சொன்னமையால் பாதி அதிசாரம் என்பதா? நான் அன்றைக்கு மறுமொழி கூறவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வழக்கம்போல் காசு கொடுத்தேன்.

அவ்வட்டாரத்துத் தீப்பெட்டியிலும் இதே கேள்வி வேறு வடிவில் உண்டு. 1923இல் சிவகாசியில் தொடங்கி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை எனப் பரவிய தொழில் அது. கந்தகமும் மெழுகும் பாஸ்பரசும் கடலோடும் எண்ணெயோடும் பிணைந்த பொருள்கள். ரூபாய் இறங்கினால் அவற்றின் விலை ஏறும். பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்புவோர்க்கோ ரூபாய் இறங்கினால் சற்று ஆதாயம். ஆனால் உள்நாட்டில் தீப்பெட்டியின் விலையை நாணயம் கட்டிப்போடுகிறது. 50 காசுப் பெட்டி 2007இல் ஒரு ரூபாயானது. அதன்பின் 14 ஆண்டுகள் அசையவில்லை. 2021 டிசம்பர் 1ஆம் நாள்தான் இரண்டு ரூபாயாயிற்று. இடையில் ஒன்றேகால் ரூபாய் என்று விற்க இயலாது. அதற்கேற்ற சில்லறை எவரிடமும் இல்லை. ஆகவே அந்த 14 ஆண்டுகளின் சுமையை ஆலைக்காரரும், கூலிப் பெண்களும், பெட்டிக்குள் எண்ணப்படாத குச்சிகளும் பகிர்ந்துகொண்டன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் இவ்வட்டாரமே மகிழ்ந்தது. அதன் கடலையும் வெல்லமும் உள்நாட்டுப் பொருளாதலால் டாலர் அதனை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ஆயினும் அதைச் சுற்றும் நெகிழித்தாள் எண்ணெயிலிருந்து பிறந்ததன்றோ!

தூத்துக்குடியிலிருந்து தோணி செல்லும் தொலைவில் கொழும்பு இருக்கிறது. நெல்லைச் சீமையிலிருந்து சென்று அங்கே கடையும் ஓட்டலும் வைத்தோர் ஒரு காலத்தில் ஏராளம். 2022இல் அந்நாட்டில் நிகழ்ந்ததை, மேலே சொன்னவற்றின் முற்றிய நிலை எனலாம். அவ்வாண்டு மார்ச்சில் இலங்கை ரூபாயைப் பிடித்திருந்த கை விடப்பட்டது. 200 ரூபாய் அளவிலிருந்த டாலர் மே மாதத்தில் 360 ரூபாய் வரை சென்றது. எரிவாயு இல்லாமல் வெதுப்பகங்கள் அடுப்பணைத்தன. பால் தேநீர் ஒரு கோப்பை 100 ரூபாய் ஆயிற்று. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. அங்கே அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்ற வழியே அடைபட்டது. கோப்பையை எவ்வளவுதான் சிறிதாக்க முடியும்? பால்மாவும் எரிவாயுவும் கோதுமையும் கப்பலில் வந்தவை; கப்பலுக்குக் கொடுக்க டாலர் இல்லை.

சென்ற ஆண்டு நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு மீண்டும் கழுகுமலை சென்றேன். பாறையின் முன் அமர்ந்து வழிபட்டு இறங்கியபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. அண்ணாச்சி காலமாகிவிட்டார். அவர் மகன் கடையை நடத்துகிறார். மேற்கூரையும் மேசையும் மாறியுள்ளன. என்னை அவருக்கு நினைவிருந்தது. கூட வந்தவர்களுக்கும் சேர்த்து உடனே அடுப்பை ஏற்றச் சொன்னார்.

அடுப்பு இப்போது எரிவாயுவில் எரிகிறது. வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரின் விலை ஒவ்வொரு மாதமும் முதல்நாள் மாறுகிறது; வெளிநாட்டு எரிவாயு விலையையும் டாலரின் மதிப்பையும் கணக்கிட்டு அதனை அறிவிக்கின்றனர். பொரிக்கும் எண்ணெய் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வரும் பாமாயில். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா அதன் ஏற்றுமதியைச் சில வாரம் தடுத்தபோது பட்ட பாட்டை அவர் சொன்னார். உளுந்துகூட எல்லாமே பக்கத்து ஊருடையது அன்று. பர்மாவிலிருந்து தூத்துக்குடி, சென்னை வழியாக வருவதும் கலந்திருக்கிறது. தந்தையின் கடையில் சர்க்கரையும் எண்ணெயும் வழியாகச் சுற்றி வந்த டாலர், மகனின் கடையில் அடுப்பங்கரையிலேயே குடியிருக்கிறது. கருவேல விறகின் புகையில் இருமிக்கொண்டிருந்த அண்ணாச்சியை எண்ணும்போது, பழைய அடுப்பே மேல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நெஞ்சு நோயால் இறந்தார்.

பலகை இருந்த இடத்தில் அச்சிட்ட விலைப்பட்டியல் தொங்கியது. எண்களின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, புது எண்களைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். சில இடங்களில் தாளின் மேல் தாள் மூன்று அடுக்காக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட மகன், "தட்டு அப்பா காலத்துத் தட்டுதான் சார்" என்றார். காப்பி என்ற வரிக்கு நேரே, சிறிய எழுத்தில், 'சிக்கரி கலந்தது' என்று அச்சிட்டிருந்தது. அதை யார் சொல்லி எழுதினார் என்று நான் கேட்கவில்லை. மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் ஈடு இறங்கியது.